சுவிட்சில் கட்டிய சிவப்புத் துணி

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் என்றால் எங்கள் மலையில் எல்லோருக்கும் ஒரே வேலைதான் ஞாபகத்துக்கு வரும். ஜாகா. கேட்டைத் திறந்து மூடி, வருகிற காருக்கு சல்யூட் அடிக்கிற காவல் வேலை. நான் ஊருக்கு வந்து பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, தானா ராத்தாவில் ஒரு ஹோட்டல்காரர் ஆள் அனுப்பிவிட்டார். அடுத்து கியா பார்மில் ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருப்பவர். அதற்கடுத்து திரிங்காப்பில் காய்கறி லோரிகள் நிறுத்தும் கொட்டகைக்காரர். பேசி வைத்துக்கொண்டதுபோல எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "யூனிபார்ம் போட்டுப் பழகின ஆளு. ஒங்களுக்கு இது ஈசி லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் விமானப்படையில் கேட்டில் நின்றவன் இல்லை. விமானத்தின் மூக்கைத் திறந்து, ரேடாரையும் ரேடியோவையும் வெளியே எடுத்து, கோளாறு எந்தக் கம்பியில் என்று தேடிப் பிடித்தவன். நான் சரி என்று சொன்ன பிறகுதான் பைலட் ஏறுவான். அந்த வேலையிலேயே தலை பாதி நரைத்தது. துப்பாக்கியைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஜாகா வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. என் மாமா அந்த வேலையைச் செய்துதான் பிள்ளைகளைக் கரையேற்றினார். ஆனால் ஒரு தச்சனைக் கூப்பிட்டு, நீயும் மரம் தொட்ட ஆள்தானே, விறகு பிளந்து கொடு என்றால் அவனுக்குக் கோபம் வராதா?

என் மனைவி தோட்டத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அவளும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "சும்மா ஒக்காந்து செவத்த மொறைக்கறதுக்கு அது பரவால்லதானே?" என்று கேட்டுவிட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பசியோடு கோபித்துக்கொள்வது எவ்வளவு முட்டாள்தனம் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் நானே எங்கள் தேயிலை ஃபேக்டரிக்குப் போய் துரையைப் பார்த்தேன். இப்போதைய மேனேஜர் ஈப்போவிலிருந்து வந்த தமிழர், என்னைவிடச் சின்னவர். இருந்தாலும் தோட்டத்தில் மேனேஜர் என்றால் துரைதான். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இங்க ஏரோப்பிளேன் பறக்கலையே. கேட்டுலதான் ஆள் இல்ல. அதுக்கு வர்றீங்களா?"

அவர் நாற்காலிக்குப் பின்னால் கொக்கியில் ஒரு புது ஜாகா சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் அளவு பார்த்து வாங்கியதுபோலவே இருந்தது.

"ஓடாத மெஷின் ஒண்ணக் காட்டுங்க," என்றேன்.

அங்கே அதற்குப் பஞ்சமில்லை. கொழுந்தை உருட்டுகிற ரோலர்களில் ஒன்று நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தார்கள். ஒரு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டு வராவிட்டால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார் துரை. சரி என்றேன். மாதம் முடியட்டும், அதை நீரே போட்டுக்கொள்ளும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விமானக் கொட்டகையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் மெஷினுக்குள் கை வைக்கிறான் என்றால், அதன் சுவிட்சில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டுவான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் அதைத் தொட மாட்டார். ஃபேக்டரியில் அப்படி எதுவும் இல்லை. கீழே இறக்கி அணைத்து வைத்திருக்கிற சுவிட்சைப் பார்த்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் மேலே தள்ளிவிட்டுப் போவான். ரோலரின் மேசை சுழல ஆரம்பித்தால், உள்ளே இருக்கிற கை கையாக வெளியே வராது. அதனால் முதல் நாளே என் மனைவியின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து ரோலர் சுவிட்சில் கட்டிவிட்டு, அடியில் நுழைந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் துணியில் குங்குமம். சுவிட்சுக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைக்கிறவர்கள், சிவப்புத் துணியைப் பார்த்ததும் நான் ஏதோ வேண்டிக்கொண்டு கட்டியிருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரோலரில் கொழுந்து போடுகிற அக்காவைக் கூப்பிட்டேன்.

"இது சாமிக்குக் கட்டினது இல்லக்கா. நான் உள்ள இருக்கேன், தொடாதீங்கன்னு அர்த்தம். கட்டினவங்கதான் அவுக்கணும்."

"அதத்தான் தம்பி நானும் எல்லாருக்கும் சொல்லிருக்கேன்," என்றார் அக்கா. "உள்ள ஒரு உசுரு இருக்கு, தொடக்கூடாதுன்னு."

குங்குமத்தைத் துடைக்காமல் விட்டுவிட்டேன்.

கோளாறு லேசில் பிடிபடவில்லை. மாதம் முடியப் போகிற சமயத்தில், நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து ஏராளமாக வந்து இறங்கியது. வாட்டிய கொழுந்து அடுத்தடுத்து ரோலருக்குக் காத்துக் கிடக்க, நான் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். உறை தேய்ந்துபோன ஒரு கம்பி அப்போதுதான் விரலில் தட்டுப்பட்டது. மேசை ஆடும்போதெல்லாம் அது இரும்பில் உரசி மெஷினை நிறுத்தியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார். பக்கத்து ரோலர்களின் இரைச்சலில் அவர் பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது.

"அந்தத் துணிய அவுத்துட்டு ஆன் பண்ணுங்க. அவரு சாப்புடப் போயிருப்பாரு."

கூட இருந்தவர் கங்காணி. குளிரோ வெயிலோ, கழுத்தில் எந்நேரமும் ஒரு சிவப்புத் துண்டு சுற்றியிருப்பார். துரை சொன்னதற்கு மறுபேச்சுப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவருடைய கால்கள் பின்னால் நகர்வது எனக்குத் தெரிந்தது. சுவிட்சுக்கு முன்னால் அக்காவின் ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.

"கட்டினவங்கதான் அவுக்கணும், துரை."

நான் அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. துணி கட்டியிருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள் என்று நிம்மதியாகப் படுத்திருந்தேன். கொட்டகையில் பழகியவனுக்குத்தான் இப்படி ஒரு பைத்தியக்கார நம்பிக்கை இருக்கும். அக்கா மட்டும் நகர்ந்திருந்தால் இன்று என் வலது கை இல்லை. துரை திட்டிக்கொண்டே மெஷினைச் சுற்றி வந்தவர், என் கால்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பி நடந்தார்.

கம்பியை மாற்றி ரோலரை ஓட்டிக் காட்டினேன். அன்று முழுக்க அது நிற்கவே இல்லை. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் ஆபீசுக்குப் போனேன்.

"வேல நல்லாத்தான் செய்றீங்க," என்றார் துரை. "ஆனா டூரிஸ்ட்டுங்க வந்து போட்டோ புடிக்கிற எடம் இது. சுவிட்சுல துணி, குங்குமம், எலுமிச்சம்பழம்லாம் வேணாம். எடுத்துருங்க."

"குங்குமத்த தொடச்சிடுறேன். எலுமிச்சம்பழத்தையும் எடுத்துடுறேன். துணி இருக்கும்."

"துணியும்தான். பயந்துக்கிட்டு ஒருத்தனும் மெஷின தொட மாட்டேங்குறான். முடியாதுன்னா கேட்டு வேலைதான்." கையால் பின்னால் இருந்த சட்டையைக் காட்டினார்.

பயந்து தொடாமல் இருந்ததால்தான் என் கை மிஞ்சியது. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடியில் கிடந்த காலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் இப்படிப் பேசுகிற மனுஷனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"துணி இல்லாத எடத்துல நான் கை வைக்க மாட்டேன். கேட்டுக்கும் போக மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டே என் தட்டில் சோறு போட்டாள். பிறகு, "மெஷின்ல கை போனவங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன். நீங்க சொன்னது சரிதான்," என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் போதும்.

மறுநாள் என் கருவிப் பையை எடுத்து வரப் போனேன். ஃபேக்டரி ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம், சத்தமே இல்லை. உள்ளே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லா சுவிட்சும் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஏதோ ஒன்று. சேலைக் கரையில் கிழித்த துண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் தலை ரிப்பன், கோயில் கயிறு. வங்காளதேசத்து ஆட்கள் வேலை செய்கிற பக்கம் காய்கறிக் கூடை கட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் கயிறு. அவர்களுக்குக் குங்குமமும் தெரியாது, எலுமிச்சம்பழமும் தெரியாது. கை என்றால் தெரியும்.

துரை என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். "இதெல்லாம் அவுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

"நான் கட்டலையே, துரை," என்றேன். "கட்டினவங்கதான் அவுக்கணும்."

"யார் கட்டினது?"

கட்டிய கைகளை ஒருவரும் பிரிக்கவில்லை. கொழுந்து கிடந்த பக்கம் வாசனை மாற ஆரம்பித்திருந்தது. அது துரைக்கும் தெரிந்தது.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு?"

அக்காதான் பேசினார். "தம்பி மெஷின பாக்கட்டும். உள்ள ஆள் இருந்தா துணி இருக்கட்டும். அவ்ளோதான் லா."

துரை எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "போங்க, போய் வேலையப் பாருங்க," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

ஒவ்வொருவராக வந்து அவரவர் கட்டியதை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. பெரிய டிரையரின் சுவிட்சில் மட்டும் ஒன்று மிச்சம் இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், துரையும் பார்த்தார். அது ஒரு சிவப்புத் துண்டு.

கங்காணி துரைக்கு முன்னாலேயே நடந்து போய் அதை அவிழ்த்தார். உதறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "ம், ஸ்டார்ட் பண்ணு," என்றார் என்னிடம்.