ஜட்ஜுக்குப் போற காகிதம்

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தன்னைத் திட்டுதுன்னு சொல்லி, என் பையன் அந்த வீட்டுக்காரரைக் கம்பியால அடிச்சிட்டான். அவர் பிழைச்சிக்கினார். இவன் ஜெயிலுக்குப் போயிட்டான்.

அவன் மனசு எப்படி இருக்குதுன்னு பார்த்து எழுதித் தர கோர்ட்டு ஒரு மனநல நிபுணரை வெச்சுது. அந்த அம்மா என்னையும் கூப்பிட்டாங்க.

"நான் மருந்து குடுக்குற டாக்டர் இல்லமா. நீங்க சொல்றதை ஜட்ஜுக்கு எழுதுவேன்" ன்னு சொன்னாங்க.

"முன்னாடியும் இப்படி ஏதாவது கேக்குதுன்னு சொல்லியிருக்கானா?"

"இல்லமா. தங்கமான பையன். ஒரு குறையும் கிடையாது."

அவனுக்குப் பொண்ணு கேட்டுப் போன வீடுங்கள்ல எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின பேச்சு. தானா வந்துட்டது.

"எல்லா அம்மாவும் சொல்றதுதான்" ன்னு சிரிச்சுக்கினே எழுதினாங்க. "அப்ப ஏன் அடிச்சான்னு நினைக்கிறீங்க?"

குறை இல்லாதவன் அடிச்சா கெட்ட புத்தின்னுதானே ஆவும்? அப்பதான் எனக்கு உறைச்சது. ஆனா தாமல் ஊர்ல கட்டிக்குடுத்த என் பொண்ணோட மாமியாருக்கு இவனுக்குச் சீக்கு இருக்குறது தெரியாது.

"நான் சொல்றது வெளிய தெரியுமாமா?"

"கோர்ட்டுல படிப்பாங்க. தெரியாதுன்னு நான் சொல்ல முடியாதுமா."

இருந்தாலும் சொல்லிட்டேன்: "பத்து வருஷமா அவனுக்குக் கேக்குதுமா. ஆஸ்பத்திரி சீட்டையெல்லாம் நான்தான் கொளுத்தினேன்."

எழுதிக்கினாங்க.

"முதல்ல சொன்னதை அடிச்சிடுங்கமா."

"அடிக்கக் கூடாதுமா. ரெண்டும் இருக்கணும்."

இன்னும் தீர்ப்பு வரல. ஜட்ஜு எதை நம்புவாரோ.