ஐம்பத்தேழு ஓட்டைகள்

ஐம்பத்தேழு அங்குஸ்தான்கள். தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டும் பித்தளைக் குல்லாய்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த வியாபாரிகளிடம் பழங்குடி மக்கள் வாங்கியவை. ஆற்றங்கரை அகழாய்வில் கிடைத்தவை. அத்தனையின் உச்சியிலும் ஓட்டை.

அவற்றைத் தோண்டியெடுத்த அகழாய்வாளருக்கு வீட்டில் ‘ஓட்டாஞ்சில்லு’ என்று பெயர். உடைந்த பானைகளோடு குடும்பம் நடத்துகிறவர் என்று கணவர் வைத்தது. அருங்காட்சியகப் பலகைக்கு அவர் எழுதிய வாசகம்: “பயன்படுத்தத் தெரியாமல் பாழாக்கப்பட்டவை.”

“அம்பத்தேழையும் சரியா உச்சியில, ஒரே எடத்துலயா பாழாக்குவாங்க? அதைக்கூட யோசிக்கலையே! இதுக்கு டாக்டர் பட்டம் வேற” என்று இப்போது அவரே தன் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

அன்று சிரிப்பு வரவில்லை. அவை கிடைத்த நிலம் பழங்குடிச் சங்கத்துடையது, அதனால் பொருளும் அவர்களுடையது. பலகையைப் பார்க்க வந்த சங்கத் தலைவி சொல்லிவிட்டார்:

“எங்க முன்னோருக்கு மூளை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. மாத்தலைன்னா எல்லாத்தையும் நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம்.”

எடுத்துப்போனால் கண்காட்சியில் மிஞ்சுவது காலி அலமாரியும் ஓட்டாஞ்சில்லும்தான். மாற்றலாம். என்னவென்று மாற்றுவது?

குழப்பத்தோடு வீட்டுக்கு வந்தவரின் கண்ணில் ஜன்னலோரம் தன் காபிக் கோப்பை பட்டது. வெளிநாட்டுக் கருத்தரங்கில் பரிசாகக் கிடைத்தது. உள்ளே மண், மண்ணில் ஒரு கொடி, அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“யாரு என் கப்பை ஒடச்சது?”

“ஒடைக்கலம்மா. டிரில்லு வச்சு ஓட்டை போட்டேன். தண்ணி வடியலைன்னா வேரு அழுகிடுமே” என்றார் கணவர், பெருமையாக.

“குடிக்கிற கப்பு அது!”

“நீ எங்க குடிச்ச? ஆறு வருஷமா ஷோகேஸ்ல சும்மாதானே இருந்துச்சு. இப்பதான் அதுக்கு ஒரு உத்தியோகம் கெடைச்சிருக்கு.”

ஓட்டாஞ்சில்லு கோப்பையைத் தூக்கி அடியிலிருந்த ஓட்டையைப் பார்த்தார்: பாழாக்கப் போட்டதல்ல, வேறு வேலைக்குப் போட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

காலையில் ஓர் அங்குஸ்தானை உருப்பெருக்கியில் பார்த்தார். நூல் உராய்ந்து ஓட்டையின் விளிம்பு வழவழவென்றிருந்தது. கீழ் விளிம்பெங்கும், ஒன்றோடொன்று மோதிய சின்னச் சின்ன நசுங்கல்கள். கடைக்கு ஓடி நாலு புதிய அங்குஸ்தான் வாங்கினார். கணவரிடம் கெஞ்சி டிரில்லை வாங்கினார். ஓட்டை போட்டு, நூலில் கோத்து, சட்டை ஓரத்தில் கட்டிக்கொண்டு தலைவியின் முன் நடந்தார். கலகலவென்றது.

“இன்னொரு தடவை நடங்க” என்றார் தலைவி.

நடந்தார்.

“சலங்கை! இது எங்களுக்கே தெரியாது. ஆனா நாங்க ஆடுற கூட்டம்னு தெரியும். எழுதறதுக்கு முன்னாடி அதையாவது கேட்டிருக்கலாமே?”

“கேட்டா, நான் படிச்ச படிப்பு என்னாகிறது?”

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பொருளெல்லாம் இங்கயே இருக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன். பழைய போர்டையும் எடுக்கக் கூடாது.”

“ஐயையோ, என் மானம் போயிடுமே!”

“ஓட்டை விழுந்த மானம்தானே? அதையும் தொங்க விடுங்க.”

கண்காட்சி வியாழக்கிழமை திறக்கிறது. பழையதும், ‘சலங்கை’ என்ற புதியதுமாக இரண்டு பலகைகளும் அருகருகே தொங்கும். பழையதன் கீழே அகழாய்வாளரின் பெயர் இருக்கிறது.