கத்தரிப் பாத்திக்குத் தைத்த வலை

எழுமலைக்குத் தெற்கே, கிணற்றை ஒட்டிய எங்கள் கத்தரித் தோட்டத்தில் சென்ற ஆண்டு பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த என் மனைவி, தெளிப்பானை முதுகிலிருந்து இறக்குவதற்கு முன்பே வரப்பில் சாய்ந்துவிட்டாள். மருத்துவமனையில் இரண்டு நாள் கழித்து வீடு திரும்பியவள் தன் முடிவைச் சொன்னாள். இனி அந்த மருந்து தோட்டத்துக்குள் வரக் கூடாது. மருந்தில்லாமல் ஒரு போகம் பார்ப்போம். பொய்த்தால் நிலத்தைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவோம். அவர் அவளுக்கு அண்ணன் முறை, நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். நினைவு தெரிந்த நாள் முதலாய் நான் உழுத மண் அது. ஆனாலும் சரி என்று அவரிடமும் சொல்லிவைத்தேன்.

பாத்திகளை வலையால் மூடினால் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவின் தாயான அந்துப்பூச்சி உள்ளே வந்து முட்டையிட இயலாது என்று எங்கோ படித்திருந்தேன். செல்லூரில் ஒரு கடையில் கழிவாக விற்ற வலைத்துணியை வாங்கி வந்தேன். வீட்டிலிருந்த பழைய கொசுவலைகளையும் சேர்த்து, எட்டு நாள் உட்கார்ந்து அவள் தைத்தாள். புது நாற்று நட்ட பாத்திகளில் கிழிந்துபோன சொட்டுநீர்க் குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, அவற்றின்மேல் வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்தேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, கத்திரிச் செடிக்கே கொசுவலையா? அப்படியே ஒரு ஃபேனையும் மாட்டி விட்ருங்க” என்றார்.

ஆடிக்காற்று வலையை உள்நோக்கித் தள்ளியது. வலை இலைமேல் படிந்தால் பூச்சி வெளியில் அமர்ந்தபடியே முட்டையிட்டுவிடும். அதைத் தடுக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் பக்கத்தில் பிடுங்கிய செடியை எறிவதில்லை; தண்டைக் காயவைத்து, வெந்நீர் அடுப்புக்காக வரப்பிலேயே அடுக்கிவைப்போம். அப்போதுதான் பிடுங்கிய முந்தைய போகத்துக் கத்தரித் தண்டுகள் அங்கே கிடந்தன. அவற்றைக் கட்டுக்கட்டாக உள்ளே கொண்டுபோய், வலையோரம் நெடுக வேலிபோல் நிறுத்தினேன்.

“அடுப்புக்கு வச்சத எதுக்குங்க உள்ள கொண்டு போறீங்க?” என்று அவள் கேட்டாள். காற்றைத் தடுக்கும் முறையை அவளுக்குப் பெருமிதத்தோடு விளக்கினேன்.

மூன்று வாரம் சென்றது. ஒரு காலையில் களையெடுப்பதற்காக வலையின் ஒரு முனையைத் தூக்கினேன். குருத்துகள் எல்லாம் வாடித் தலை தொங்கியிருந்தன. ஒன்றைக் கிள்ளிப் பிளந்தேன். உள்ளே புழு நெளிந்தது. வலையின் உட்புறத்தில் வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட அந்துப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. திறந்த வெளியில் கிடக்கும் பக்கத்துக் காட்டில்கூட இத்தனை பார்த்ததில்லை. ஈயும் நுழையாத கூட்டுக்குள் இவை எப்படி வந்தன என்று எனக்கு விளங்கவில்லை. வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்தாள், பார்த்தாள். வலையை மடியில் இழுத்துப்போட்டு, தையல்களை விரலால் நீவி நீவி ஓட்டை தேடத் தொடங்கினாள்.

எழுந்து நிற்பதற்காக அருகிலிருந்த தண்டுக் கட்டைப் பற்றினேன். அதன் கணுவில் படகு வடிவில் சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தேன், வெறும் கூடு. அடுத்த தண்டிலும் அவ்வாறே. கட்டை அவிழ்த்தேன், எங்கும் கூடுகள். புழு தண்டிலேயே கூடு கட்டி உறங்கியிருக்கிறது. உறங்கிய பகையைத் தூக்கி வந்து, குருவியும் குளவியும் அண்டாத இடத்தில் குடிவைத்தவன் நானே.

அவள் இன்னும் தையலைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் பழி வலையோடு போய்விடும் என்ற எண்ணம் அந்நேரத்தில் எனக்குள் எழுந்தது. பூச்சிகளைக் கண்டதைவிட, அப்படி ஓர் எண்ணம் என்னுள் இருந்ததைக் கண்டே நான் அதிகம் அதிர்ந்தேன். தண்டை அவளிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப என் தையல்ல ஓட்டை இல்ல” என்றாள்.

“இல்ல.”

கட்டுகள் முழுவதையும் இருவருமாக வெளியே இழுத்துப்போட்டுக் கொளுத்தினோம். புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். செடிகளைக் குனிந்து பார்த்தவர், பேச்சு நினைவிருக்கிறதல்லவா, எப்போது உழவு ஓட்டலாம் என்று கேட்டார். சொன்ன சொல் சொன்னதுதானே என்று நான் ஒத்துக்கொள்ளவிருந்தேன்.

அவள்தான் பதில் சொன்னாள்.

“பூச்சி வெளிய இருந்து வரலண்ணே. இவுகதான் கூட்டிட்டுப் போயி உள்ள விட்ருக்காக. வலை மேல குத்தமில்ல. இன்னொரு போகம் பாத்துட்டுச் சொல்றோம்.”

“இம்புட்டு ஆன பிறகுமா?” என்று அவர் என்னைப் பார்த்தார். “சரி, வாரேன்” என்று அவர் போனதும், அவள் வலையை உதறி, அதில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக நசுக்கத் தொடங்கினாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.