என் அம்மாவுக்கு வந்தது கேஸ் இல்லை

பெரியப்பா, நீங்கள் என் அம்மாவைக் காப்பாற்றவில்லை. போன வாரம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் மைக்கைப் பிடித்து அப்படிச் சொன்னீர்கள். பொய். காப்பாற்றியது நான். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்களை மைசூருக்குக் கூட்டி வந்தவர் பெரியப்பா. அதனால் குடும்பத்தின் கன்னடம் முழுவதும் அவர் வசம் இருந்தது. ரேஷன் அட்டை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் அவரே பேசுவார்.

அவரைக்காய் சீசன், மார்கழிக் குளிர். அப்பா ஹெப்பாள் ஃபேக்டரிக்குக் காலை ஷிப்டு போயிருந்தார். அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குளிரிலும் அவள் ஜாக்கெட் முதுகு நனைந்திருந்தது.

“நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்தாப்ல இருக்குது கண்ணு. தாடை இழுக்குது. இடது கை கனக்குது.”

அடுத்த தெருவுக்கு ஓடிப் பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

“ராத்திரி அவரைப்பருப்ப இப்படித் தின்னா கேஸ் புடிக்காம என்ன பண்ணும்?”

சீரக சோடா வந்தது. அம்மா குடித்தாள், வாந்தி எடுத்தாள்.

“பாத்தியா, எல்லாம் வெளிய வருது!” என்று பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மா, என்ன செய்கிறது என்று கன்னடத்தில் அம்மாவைத்தான் கேட்டார். பதில் பெரியப்பாவிடமிருந்து வந்தது.

“கேஸ், மேடம். பேரே ஏனூ இல்லா.”

வேறொன்றுமில்லையாம்! நான் கன்னடப் பள்ளியில் படிக்கிறவள். மேசையைத் தட்டிக் கன்னடத்தில் கத்தினேன். நெஞ்சில் பாரம், தாடையில் வலி, இடது கை, வேர்வை, வாந்தி, மூச்சு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“ஏய், பெரியவங்க பேசறப்ப நடுவுல என்னடி?” பெரியப்பா என் காதைத் திருகினார்.

காதை விடச் சொன்னார் டாக்டரம்மா. என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். உடனே ஈசிஜி எடுத்தார்கள். ஹார்ட் அட்டாக். ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, அம்மாவை ஓரடிகூட நடக்கவிடாமல் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இந்த மாதிரி வலி வந்தால் கேஸா இல்லையா என்று வீட்டில் முடிவு செய்யாதீர்கள், சோடா வாங்கும் நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா போட்ட போடில் பெரியப்பாவின் கன்னடம் காணாமல் போனது.

அம்மா பிழைத்தாள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். தெருவில் நான்தான் ராணி. பெரியப்பாவைக் கன்னடத்திலேயே ஜெயித்தேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இன்றும் பீற்றிக்கொள்வேன். என்னைத் திட்டும் அளவுக்கு அம்மா திடமாக இருக்கிறாள்.

ஒன்று மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை. நாங்கள் மைசூர் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கீரைக்காரியோடு கன்னடத்தில் சண்டை போட்டு ஒரு கட்டு கூடுதலாக வாங்குகிறவள் அம்மா. பெரியப்பா, நீங்கள் டாக்டரிடம் சொன்னது அவளுக்கு நன்றாகவே விளங்கியது. உயிரே போனாலும் கணவனின் அண்ணன் பேச்சை நாலு பேர் முன்னால் மறுக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கல்யாணத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கும்போது எழுந்து பதில் சொல்லுங்கள், பெரியப்பா. தன் நெஞ்சு வலியைத் தானே சொல்லக்கூடப் பயப்படும்படி அவளை எப்படி வைத்திருந்தீர்கள்?