திரும்பி வரும் பிக்கப்

லண்டன் ஓரத்தில், ஒரு சின்ன வட்டப் பாதையில் வருடாவருடம் பிக்கப் வண்டிகளின் பந்தயம் நடக்கிறது. வண்டிகளும் மாறிவிட்டன, ஓட்டுபவர்களும் மாறிவிட்டார்கள். பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் கராஜ் வைத்திருக்கும் என் அண்ணன் மட்டும் அதே வேலியோரம் நிற்பார். எனக்கோ அந்தப் புகையும் இரைச்சலும் எரிச்சல்.

"இதில என்னண்ணை கிடக்கு?" என்று ஒருமுறை சிடுசிடுத்தேன்.

"போற வண்டியெல்லாம் திரும்பி வருகுது," என்றார்.

சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் தம்பியை ஏற்றிக்கொண்டு போன பிக்கப் திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு நானும் அவரோடு போகத் தொடங்கினேன்.

இந்த வருடம் ஒரு வண்டி வளைவில் மோதி நின்றுவிட்டது. அண்ணன் வேலிக் கம்பியை இறுகப் பிடித்தார். நெடுநேரம் கழித்து, ஹெல்மெட் போட்ட ஒருவன் இறங்கி எங்கள் பக்கமாக நடந்து வந்தான். முகம் தெரியவில்லை.

"அது தம்பியோ?" என்று அண்ணன் கேட்டார்.