சத்தமில்லாத லெப்டொப்

பலாங்கொடை பஸாரில் சவுண்ட் சேர்விஸ் நடத்திய ஜனகனுக்கு எதையும் சும்மா வாங்கத் தெரியாது. மைக் வயர் ஒன்று வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவான். அந்த அக்கறையில் பாதியைப் பெண் பார்ப்பதில் காட்டியிருந்தால் முப்பத்தாறு வயதில் தனியாகக் கடைச்சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டான். அப்படிப்பட்டவன் 2007இல் லெப்டொப் வாங்கப் புறப்பட்டான். மூன்று மாதம் பிடித்தது.

அதற்குக் காரணம் தங்கம்மா. தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிசனில் கொழுந்து பறிப்பவள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் பதிந்துவிட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தாள். போனால் இரண்டு வருஷம். மூன்று வயது மகள் ராகினியைப் பகலில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்தாள். தாய் பாடினால்தான் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும் என்பதால், மத்தியானம் மலையிலிருந்து ஓடி வந்து பாடிவிட்டு மறுபடி ஓடுவாள்.

"அண்ணே, நான் பாடுறத ஒரு கெசட்ல புடிச்சுக் குடுத்தீங்கன்னா, நான் இல்லாத நேரம் புள்ள அதக் கேட்டுக்கிட்டே தூங்கிரும்" என்று கடை வாசலில் வந்து நின்றாள்.

கெசட் என்றதுமே ஜனகனின் முகம் சுருங்கிவிட்டது.

"கெசட்டுன்னா சும்மா இரையும் தங்கம்மா. நான் லெப்டொப் வாங்கப்போறேன். ஒன்னோட பாட்டுத்தான் மொத ரெக்கோடிங். அசல் ஸ்டூடியோ மாதிரி இருக்கும் பாரு."

"எனக்கு அதெல்லாம் என்னா தெரியும், நீங்க பாத்துச் செய்ங்க. ஆனா நான் போறதுக்கு முந்திச் செஞ்சிருங்கண்ணே."

ஜனகன் ஒரு கொப்பியில் நிபந்தனைகளை எழுதத் தொடங்கினான். தோட்டத்து லயன் வீடுகளில் எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது, பெட்டரி மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு ஏற்றம் ஏறுமளவுக்குப் பாரம் குறைவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் போடக் கூடாது. மைக்குக்குப் பக்கத்தில் இருக்கப்போகும் சாமான் தானே உறுமினால் தாலாட்டு என்னத்துக்கு ஆகும்?

ஆகவே இரத்தினபுரியிலும் கொழும்பிலும் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு லெப்டொப்பின் மேலும் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "மொகத மாத்தயா அஹன்னே?" என்று ஒரு கடைப்பையன் பயந்துபோய்க் கேட்டான். என்னத்தைக் கேட்கிறீர்கள் என்றால் என்ன பதில் சொல்வது? ஒன்றும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று ஜனகன் நல்ல சிங்களத்தில் விளக்கினான். பையனுக்குப் பயம் கூடியது.

இதற்கிடையில் தங்கம்மாவுக்கு விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது. வந்து கேட்டபோதெல்லாம் "வார கெழம" என்றான். கடைசியில், பிளேன் ஏற நான்கு நாள் இருக்கும்போது, மனதுக்குப் பிடித்த மௌனமான லெப்டொப் ஒன்று கிடைத்தது. யுத்த காலம் என்பதால் வரும் வழியில் மூன்று செக்பொயின்டில் பையைத் திறந்து காட்டினான். தமிழன் கையில் இத்தனை வயர் என்னத்துக்கு என்று கேட்டவர்களிடம் தாலாட்டுக்கு என்று சொன்னான். உண்மையைச் சொன்னதால் அரை மணித்தியாலம் உட்கார வைத்தார்கள்.

நாளை விடிந்தால் பயணம் என்ற நாளில், லெப்டொப்போடு தோட்டத்துக்குப் போனான். நேரே ரெக்கோடிங்கைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் லொறியோ தையல் மெஷினோ, புதிதாக எது வந்தாலும் முதலில் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவதுதான் அங்கே வழக்கம். அவனுடைய எம்ப்ளிஃபையருக்கும் அப்படித்தான் பூசை நடந்தது, பன்னிரண்டு வருஷமாகக் கெடவில்லை. பூசாரி ஏழுமலை மூடியிருந்த லெப்டொப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு யோசித்தார்.

"மூடி வச்சா ஆத்தா எப்படிங்க பாப்பா? தொறந்து, வேல செய்ய விடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. திறந்தான், சுவிட்சைப் போட்டான். ஏழுமலை வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி, கஞ்சத்தனம் இல்லாமல் மூன்று தரம் தெளித்தார். லெப்டொப் ஒருதரம் மினுங்கி அணைந்தது. அதன்பிறகு அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஜனகனுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்ற தங்கம்மா அழவில்லை. "அந்தப் பழைய கெசட் பெட்டி இருக்குல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவன் பஸாருக்கு ஓடிப்போய் எடுத்துவந்தபோது மழை தொடங்கிவிட்டது. பிள்ளைக்காம்பராத் தகரத்தில் மழை அடிக்க, ராகினியை மடியில் போட்டுக்கொண்டு தங்கம்மா பாடினாள். பாடி முடித்ததும் பழக்கத்தில் குனிந்து, "தூங்கிட்டியா பாப்பா?" என்று கேட்டாள். பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டிருந்தது.

தங்கம்மா போன பிறகு அந்தக் கெசட்டும் பெட்டியும் பிள்ளைக்காம்பராவிலேயே இருந்தன, ராகினி தினமும் அதைக் கேட்டுத்தான் தூங்கினாள். லெப்டொப்பைத் திருத்தி எடுக்க இரண்டு மாதமானது. கொடுத்த வாக்கு ஜனகனை உறுத்திக்கொண்டே இருந்தது. கெசட்டை ஒரு பின்னேரம் வாங்கிவந்து அதில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கிழமை முழுக்க உட்கார்ந்து இரைச்சலை எடுத்தான், மழையை எடுத்தான், பாட்டில் சேராத பேச்சையும் வெட்டினான். கண்ணாடி மாதிரிக் குரல் மட்டும் நின்றது. சீடி அடித்துக்கொண்டு, சீடி போடும் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு, ஒரு மத்தியானம் பெருமையோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் போட்டான்.

ராகினி பாட்டு முழுவதையும் கேட்டாள். முடிந்த பிறகும் கண்ணை மூடாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விஜயகலா ஓடி வந்தாள். "கடசியில தங்கம்மா கேப்பாளே, அது எங்கண்ணே? அதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் இவ தெனமும் தூங்குவா."

ஜனகன் சீடியைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியில் கெசட்டைப் போட்டான். இரைச்சல் வந்தது, மழை வந்தது, பாட்டு வந்தது. "தூங்கிட்டியா பாப்பா?"

"இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ராகினி கண்ணை மூடிக்கொண்டாள்.