நெசவுசாலைக்குள் நடந்த என் வைவா

மூன்று வருடத்துக்கு முந்தின மார்கழி மாதம். மட்டக்களப்பில் மழை விட்டபாடில்லை. வெளிநாட்டில் நான் செய்த ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வு, அதுதான் வைவா, அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு. எனக்கு எட்டு மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால், கணினி வழியே நடத்தப் பல்கலைக்கழகம் சம்மதித்திருந்தது.

எங்கள் ஊர் பழுகாமத்தில் மரம் முறிந்து கம்பியில் விழ, காலையிலேயே கரண்ட் போய்விட்டது. என் பழைய லெப்டொப் வயர் இல்லாமல் பத்து நிமிசம் தாங்காது. டவுனிலுள்ள சிநேகிதி வீட்டுக்கு என்று கணவரோடு ஓட்டோவில் புறப்பட்டேன். காத்தான்குடிக்கு வரும்போது அவள் போன் எடுத்தாள். "இஞ்சயும் கரண்ட் போயிற்றுடி." மணி ஒன்றரை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் ஒரு ஒழுங்கைக்குள் ஜெனரேட்டர் சத்தம். போய்ப் பார்த்தால் சின்ன நெசவுசாலை. முன்பின் தெரியாத முதலாளியிடம் கணவர் விசயத்தைச் சொன்னார்.

"அழாதீங்க மகள். உள்ளுக்கு வாங்க" என்றார் அவர்.

உள்ளே தறிச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. அவர் கையைத் தூக்கினார். ஒவ்வொரு தறியாக நின்றது. அவர் மனைவி கதிரையில் தலகணி வைத்து என்னை இருத்தி, இஞ்சித் தேத்தண்ணியும் தந்தா. வேலையாட்கள் வாசலில் போய் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். ஜெனரேட்டர் கரண்டில் லெப்டொப்பைக் கொளுவி, கணவரின் போன் இணையத்தில் சரியாக இரண்டு மணிக்கு வைவா தொடங்கியது.

என் வேலை ஒட்சைட்டில், அதாவது ஒட்சிசன் சேர்ந்த உலோகத்தில், ஒற்றைப் படிகம் வளர்ப்பது. ஒட்சைட்டை உருக்கி, ஒரு சிறிய விதைப் படிகத்தை அதில் தொடவைத்து மெல்ல மெல்ல மேலே இழுக்க வேண்டும். உருகியது இறுகி, விதையில் அணுக்கள் அடுக்கியிருக்கும் திசையிலேயே வளர வேண்டும். என் படிகங்களோ முதல் வருடம் முழுக்க வேறு திசைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தன. பரிசோதகர் சரியாக அதையே பிடித்தார். விதை ஒன்றுதானே, பிறகு திசை எப்படி மாறியது?

இழுத்த வேகம்தான் என்றேன். வேகம் கூடினால் இறுகும் இடத்தில் வேறு திசைகளிலும் சிறு படிக மணிகள் முளைக்கும். அவற்றில் விரைவாக வளர்வது மற்றவற்றை ஒதுக்கிவிட்டுத் தன் திசையில் போகும். வேகத்தைக் குறைத்து, சூட்டையும் நிதானப்படுத்திய பிறகுதான் விதையின் திசை கடைசிவரை நின்றது. அதற்கான படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

முடிவுக்குக் காத்திருந்தபோது, வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து என் கதிரையைச் சுற்றி நின்றார்கள். "பாஸாம்!" என்று கணவர் கத்தினார். அந்தம்மா என் நெற்றியில் கொஞ்சினா.

"இந்தக் கல்லால என்ன செய்ற மகள்?" என்று முதலாளி கேட்டார்.

"போனுக்குள்ளயும் இப்படிக் கல்லுத்தான் வைக்கிற."

"அப்ப என்ட போனுக்குள்ளயும் நம்மட மகள்ட கல்லு இரிக்கும்!"

பிள்ளை பிறந்து, அவர்களிடம் காட்டப் போனபோதுதான் அந்தம்மா பேச்சுவாக்கில் சொன்னா: அன்று மாலைக்குள் தருவதாகச் சொன்ன சாரன்கள் பிந்தியதால் கடைக்காரரிடம் முதலாளி நல்லா ஏச்சு வாங்கினாராம். எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. என் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று எழுதும்போதெல்லாம், அதில் பாதி காத்தான்குடிக்காரருடையது என்ற நினைப்போடுதான் இன்றும் எழுதுகிறேன்.